ஓர் உட்பிரிவுப் பட்டாவின் பத்து மாதங்கள்

செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றில் 1 ஏக்கர் 12 சென்ட் நஞ்சையை உட்பிரிவு செய்து, அதாவது பெரிய புலத்திலிருந்து தனியாக அளந்து பிரித்து, தன் பெயருக்குப் பட்டா வாங்க, கணவரை இழந்த ஒரு விவசாயப் பெண்ணுக்கு 2021 ஜூலையிலிருந்து 2022 மே வரை பத்து மாதங்கள் ஆயின. உட்பிரிவு இல்லாத பட்டா மாறுதலுக்கு அரசு வைத்திருக்கும் கெடு 15 நாள். உட்பிரிவுடன் கூடியதற்கு 30 நாள். அந்த 30 நாளுக்கும் பத்து மாதத்துக்கும் இடையே என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதனால் யாருக்கு எவ்வளவு போயிற்று என்பதை, நாள்வாரியாகக் குறித்து வைத்திருந்த தாள்களைக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

நான் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது கேட்கிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். ஊழல் என்றால் அலைக்கற்றை, நிலக்கரி என்று பெருந்தொகைகளிலிருந்து பேச்சைத் தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. எனக்கு நெருங்கித் தெரிந்த ஊழலின் அளவு 5,000 ரூபாய். கைமாறிய தொகை சிறியது என்பதாலேயே அதைச் சில்லறைச் சங்கதி என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் அந்தத் தொகையைக் கறப்பதற்காக வேண்டுமென்றே உண்டாக்கப்படும் தாமதம் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பையே கொண்டுபோகிறது என்பதையும், அந்த இழப்பு எந்த அரசுக் கணக்கிலும் ஏறுவதில்லை என்பதையும்தான் நான் சொல்ல வந்தேன். ஊர், அலுவலகம், ஆட்கள் எவரையும் பெயர் சுட்டவில்லை. நடுவில் ஆள் மாறியபோது கேட்ட தொகை மாறியதே தவிர வழக்கம் மாறவில்லை என்பதால், பெயர்களால் பெரிய பயனும் இல்லை.

நிலமும் தாள்களும்

செட்டிநாட்டில் நிலத்தின் ஆவணங்கள் ஏன் இவ்வளவு சிக்கலாகக் கிடக்கின்றன என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1852-ல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானதற்குப் பின் நகரத்தார் குடும்பங்கள் பெருவாரியாக அங்கே தொழிலுக்குப் போயின. இலங்கை, மலாயா என்றும் பரவின. சம்பாதித்த பணத்தில் ஊரில் வீடும் வயலும் வாங்கப்பட்டன. 1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்தபோது தொழிலை விட்டுவிட்டுத் திரும்பியவர்கள் பலர். அடுத்த தலைமுறை சென்னைக்கும் அதற்கு அடுத்தது சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போயிற்று. நிலம் மட்டும் பாட்டையா பேரிலேயே நின்றுவிட்டது. பங்காளிகள் தங்களுக்குள் பாகம் பிரித்துப் பத்திரம் பதிந்துகொண்ட இடங்களிலும் பட்டா கூட்டுப் பட்டாவாகவே தொடர்ந்தது; அனுபவத்தில் யாருக்கும் தகராறு இல்லாததால் மாற்ற வேண்டிய அவசரமும் எவருக்கும் இருக்கவில்லை.

நில ஆவணங்களும் பல கை மாறி வந்தவை. சிவகங்கை ஜமீன் கணக்கிலிருந்த நிலங்கள் 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் ரயத்துவாரிக் கணக்குக்கு, அதாவது உழவர் நேராக அரசுக்கு வரி கட்டும் முறைக்கு, வந்தன. பின்னர் 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது ஊரில் எல்லாரும் ‘யூ.டி.ஆர்.’ என்று சொல்லும் அந்த வேலையில், ஊர் நிலம் ஒவ்வொன்றும் யாருடையது, என்ன வகை என்று காட்டும் அ பதிவேடு புதிதாக எழுதப்பட்டது. உடைமையாளர் ஊரில் இல்லாத வயல்களில் பக்கத்தில் நின்றவர் சொன்னதே பதிவாயிற்று. அந்தக் காலத்திலேயே, 1980-ல், பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டுத் தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் முறை வந்தது. அந்த மாற்றம் நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரே வீட்டார் ஊர்க் கணக்கைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்ததன் கொடுமைகளை என் தகப்பனார் காலத்தவர்கள் நேரில் பட்டிருக்கிறார்கள். ஆனால் எந்தப் புல எண்ணில் (சர்வே எண்ணில்) யாருடைய எல்லை எங்கே நிற்கிறது என்ற அறிவும் அந்தக் கர்ணங்களோடு போய்விட்டது. அந்த இடத்தைத் திருத்தமான ஆவணம் நிரப்பியிருக்க வேண்டும், நிரப்பவில்லை. ஆவணம் குழம்பிக் கிடக்கிற இடத்தில் அதைத் தெளிவாக்கித் தரும் அதிகாரம் ஒருவர் கையில் மட்டும் இருந்தால், அந்தத் தெளிவுக்கு அவர் விலை வைக்க முடிகிறது.

நாம் பார்க்கும் நிலம் 3 ஏக்கர் 40 சென்ட் கொண்ட ஒரு புல எண்ணின் பகுதி. கூட்டுப் பட்டாவில் ஒன்பது பெயர்கள்; அவர்களில் ஆறு பேர் இறந்துவிட்டார்கள். விற்றவருடைய பாகம் 1974-ஆம் ஆண்டு பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தில் நான்கெல்லையோடு தெளிவாக இருந்தது. அந்தப் பெண்ணின் கணவர் 2016-ல் கிரயம் வாங்கினார். அன்றைய விதிப்படி முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 1 சதவீதமும் அரசுக்குச் செலுத்தினார். பட்டா மாறுதலுக்கான படிவத்தையும் பதிவின்போதே எழுதி வாங்கிக்கொண்டார்கள். அது அதற்குப் பின் எங்கே போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. 2019-ல் அவர் இறந்தார். வாரிசுச் சான்று பெற்று, மகனும் மகளும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைத் தாய்க்கு எழுதிக் கொடுத்து, வில்லங்கச் சான்றும் எடுத்து, 2021 ஜூலையில் அந்த அம்மாள் இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தார். ஆவணத் தொடர்ச்சியில் ஓர் ஓட்டையும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம், லஞ்சம் கொடுப்பவர் ஏதோ கோணல் வேலைக்குத்தான் கொடுக்கிறார் என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. தனக்குச் சட்டப்படி உரியதைப் பெறுவதற்காகக் கொடுப்பதுதான் நம் ஊர்களில் மிகுதி.

நடந்தது

முதல் விண்ணப்பம் இருபத்தெட்டாம் நாள் தள்ளுபடியானது. கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியில் ‘மூல ஆவணம் இணைக்கப்படவில்லை’ என்று காரணம் இருந்தது. ஆனால் பதிவேற்றிய பதினோரு பக்கங்களின் பட்டியல் மையத்து ரசீதிலேயே உண்டு. கணினிமயம் வந்த பிறகு தாமதத்தின் வடிவம் மாறியிருப்பதை இங்கே கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் கோப்பு மேசையில் கிடந்து மக்கும். இப்போது 30 நாளுக்கு மேல் நிலுவை காட்டினால் மேலிடத்தில் கேள்வி வரும் என்பதால், 28-ஆம் நாள் ஏதாவது ஒரு காரணம் எழுதித் தள்ளிவிடுகிறார்கள். கணக்கில் அது முடித்துவைக்கப்பட்ட மனு. மாவட்டத் தலைநகரில் அறிக்கையைப் பார்க்கிறவருக்கு எல்லாம் கெடுவுக்குள் நடந்ததாகவே தெரியும். தாமதத்தைக் கண்காணிக்க வைத்த ஏற்பாடே தாமதத்தை மறைக்கவும் இப்படிப் பயன்பட்டுவிட்டது.

செப்டம்பரில் மறுபடி விண்ணப்பித்தபோது, அலுவலகத்தில் யாரும் நேராகப் பணம் கேட்கவில்லை. வாசலில் இருந்த உதவியாளர், எதிரே ஜெராக்ஸ் கடையில் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். அந்த ஆள் அரசு ஊழியர் அல்லர். சர்வேயருக்கு, வண்டிச் செலவுக்கு, சங்கிலி பிடிப்பவருக்கு, மேலே ஒப்புதல் போடுகிறவருக்கு என்று விரல் மடக்கி 12,000 சொன்னார், பேசி 8,000 ஆயிற்று, முன்பணம் 5,000. லஞ்சம் என்ற சொல்லே இந்தப் பேச்சில் வராது. ‘செலவு’ என்பார்கள், ‘கவனிக்கணும்’ என்பார்கள். அக்டோபர் முதல் வாரத்தில் அந்த அம்மாள் காதுத் தோட்டை அடகு வைத்து 5,000 ரூபாயைக் கொடுத்தார். அவர் அதைக் கொண்டுபோன விதத்தை எனக்குப் பின்னால் சொன்னார்: ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திர நகல்கள், நகல்களின் நடுவே பத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்கள், அதன்மேல் இறந்துபோன கணவரின் ஆதார் அட்டை. தரகர் உறையைப் பிரித்துத் தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆதார் அட்டையை மேலே வைத்து, உறையைப் பழையபடி மடித்துத் திருப்பித் தந்திருக்கிறார்.

சர்வேயர் வரவில்லை. மழை விட்டதும் வருவார், தேர்தல் வேலை முடிந்ததும் வருவார் என்று டிசம்பர் வரை போயிற்று. டிசம்பரில் அவருக்கு மாறுதல் வந்தது. புதிதாக வந்தவர் சார்பில் அதே தரகர் மறுபடி முதலிலிருந்து பேசினார். ‘பழைய கணக்கு இவருக்குத் தெரியாதும்மா’ என்றாராம். மீதிப் பணத்துக்குக் கைமாற்று கேட்க வந்தபோதுதான் அந்த அம்மாள் என்னிடம் முழுவதையும் சொன்னார்.

நவம்பர் மழை

இதற்கிடையே நடந்ததுதான் இந்த ஆய்வின் மையம்.

எங்கள் பக்கம் கண்மாய்ப் பாசனமும் வானம் பார்த்த பாசனமும் கலந்தது. புரட்டாசியில் புழுதி விதைப்பு. வடகிழக்குப் பருவமழை கைகொடுத்தால் தையில் அறுவடை. அந்த அம்மாளும் செப்டம்பர் கடைசியில் விதைத்தார். கூட்டுறவுப் பயிர்க் கடனைத் தவணைக்குள் கட்டினால் வட்டி கிடையாது. அதற்கு உடைமையாளர் பெயர் காட்டும் சிட்டாவும், வயலில் என்ன பயிர் நிற்கிறது என்று காட்டும் அடங்கலும் வேண்டும். நெல்லுக்குப் பயிர்க் காப்பீட்டில் விவசாயியின் பங்கு காப்புத்தொகையில் 1.5 சதவீதம்தான், அதற்கும் அடங்கல் வேண்டும். கிரயப் பத்திரத்தையும் கூட்டுப் பட்டாவையும் சேர்த்துப் பார்த்து, வயலில் பயிர் நிற்பதை நேரில் கண்டு, சாகுபடி செய்பவர் பெயரில் அடங்கல் தர முடியும். தந்த அலுவலர்களும் உண்டு. இங்கே ‘பட்டா மாறட்டும், பிறகு பார்ப்போம்’ என்ற பதில் வந்தது. நவம்பர் நடுவில் காப்பீட்டுப் பதிவு முடிந்தது. பட்டியலில் அவர் பெயர் இல்லை. கூட்டுறவுக் கடனும் இல்லாததால், உரத்துக்கு மகளிர் குழுவில் வட்டிக்கு எடுத்திருந்தார்.

2021 நவம்பரில் தமிழ்நாடு முழுவதும் பெய்த பெருமழை பலருக்கும் நினைவிருக்கும். கண்மாய் நிறைந்து, மிகை நீர் வெளியேறும் கலிங்கு வழிந்தது. கலிங்கிலிருந்து இறங்கும் ஓடை வழியாகத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போய்விட வேண்டும். செட்டிநாட்டின் கண்மாய்களும் ஊருணிகளும் ஒன்றின் மிச்சம் மற்றொன்றுக்கு வரத்தாகும்படி தொடுத்து வைக்கப்பட்டவை. அந்த ஓடை பாதித் தூரத்தில் ஆறடி வாய்க்காலாகச் சுருங்கியிருந்தது. இரு கரையிலும் தென்னை. தண்ணீர் போக வழியின்றி வயல்களில் ஏறி ஒன்பது நாள் நின்றது. கதிர் வெளிவருவதற்கு முந்தைய பூட்டைப் பருவத்திலிருந்த பயிர் அழுகியது. பதிவு செய்திருந்த பக்கத்து வயல்காரர்களுக்குப் பின்னர் இழப்பீடு வந்தது. இவருக்கு வைக்கோல்கூட மிஞ்சவில்லை.

ஓடை ஏன் சுருங்கியது என்று அறிய அ பதிவேட்டின் நகலை வாங்கிப் பார்த்தேன். ஊரார் நீரோடை என்று அறிந்திருந்த இடத்தில் ஒரு துண்டு தனியார் பட்டாவாக, உட்பிரிவு எண்ணோடு இருந்தது. ஏரி, கண்மாய்களைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தமிழ்நாட்டில் 2007-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் ஆக்கிரமிப்பு ஆவணத்திலேயே பட்டாவாகிவிட்டால் அந்தச் சட்டத்தைப் பிடித்து நிறுத்தத் தாள் இல்லாமல் போய்விடுகிறது. அதில் பணம் கைமாறியது என்று நான் எழுத மாட்டேன், என்னிடம் சான்றில்லை. ஒரு பதிவேடு உரிய ஆவணத்தோடு நின்ற ஒருத்திக்கு ஒரு வரி மாறப் பத்து மாதம் எடுத்துக்கொண்டது. அதே பதிவேடு ஓர் ஓடைக்கு எதிராக எப்போதோ சத்தமின்றி மாறியிருக்கிறது. அந்த அம்மாளின் நெல்லை அழித்த தண்ணீர் இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவேதான் நின்றது.

இழப்பைக் கூட்டிப் பார்த்தேன். உரிய அரசுக் கட்டணம் எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய். கொடுத்த லஞ்சம் 5,000. அலுவலகத்துக்கு நடந்தது இருபத்துமூன்று முறை. 2021 மே முதல் நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லாததால் பயணச் செலவு பெரிதாகவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு கூலி போயிற்று. நூறு நாள் வேலைக்கு அந்த ஆண்டு தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி 273 ரூபாய். அந்தக் கணக்கில் 6,279 ரூபாய். ஆக, நடையில் போன கூலியே லஞ்சத்தை விட அதிகம். அதற்கு மேல் குழுக் கடன் வட்டி, அடகு வட்டி, ஒரு போக விளைச்சல், வராத காப்பீடு. தரகரும் அலுவலகமும் பங்கிட்டுக்கொண்ட 5,000 ரூபாய்க்காக அந்தக் குடும்பம் இழந்தது அதைப்போலப் பல மடங்கு. இந்த மிச்சத் தொகை எவர் பைக்கும் போகவில்லை, வயலிலேயே அழிந்தது. லஞ்சத்தை ‘ஒருவர் பணம் மற்றொருவர் கைக்குப் போகிறது, நாட்டுக்கு நட்டமில்லை’ என்று பொருளாதாரப் பேச்சில் சமாதானம் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் இந்த வயலை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஏன் வாங்குகிறார்கள்

சம்பளம் போதாமை என்ற விளக்கம் ஒரு காலத்துக்குப் பொருந்தியிருக்கலாம். இன்று பொருந்தாது. அரசுப் பணியின் ஊதியம் அதே ஊரில் தனியார் வேலையில் அதே படிப்புக்குக் கிடைப்பதை விட எவ்வளவோ மேல்.

1962-ல் மத்திய அரசு அமைத்த, கே. சந்தானம் தலைமையிலான ஊழல் தடுப்புக் குழு 1964-ல் தன் அறிக்கையைத் தந்தது. மத்திய கண்காணிப்பு ஆணையம் உருவானது அதன் பரிந்துரையால்தான். கோப்பு நகர்வதற்காகக் கொடுக்கும் ‘வேகப் பணம்’ பரவலாகிவிட்டதை அந்தக் குழு அப்போதே சுட்டிக்காட்டியது. முடிவெடுக்க வேண்டியவர்கள் பல அடுக்காக இருப்பதும் தாமதமும்தான் அதை வளர்க்கின்றன என்றது. அறுபது ஆண்டு கழித்தும் அந்தக் கணிப்பில் திருத்த வேண்டியது ஒன்றுதான்: பணம் கொடுத்தால் வேகம் வருகிறது என்பதல்ல, பணம் வரட்டும் என்று வேகம் நிறுத்தி வைக்கப்படுகிறது.

வருவாய்த் துறையிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர்கள் சொல்லும் இன்னொரு காரணம் வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. மேலிடத்தார் ஊருக்கு வரும்போது சாப்பாடு, வண்டி, பந்தல், தங்கும் இடம் எல்லாம் வருவாய்த் துறையினர் தலையில் விழுகின்றன. அதற்கென ஒதுக்கப்படும் நிதி போதாது. சில சமயம் இருக்கவே இருக்காது. ‘நீங்க பாத்துக்கங்க’ என்று மேலே இருந்து ஒரு சொல் வரும். அது ஒவ்வொரு படியாக இறங்கி, கடைசிப் படியில் இருப்பவர் மனுதாரரிடம் கை நீட்டுவதில் முடியும். அப்படி நீட்டிய கை தனக்காகவும் கொஞ்சம் வைத்துக்கொள்ளத் தொடங்கினால், மேலே இருப்பவர் அதைத் தட்டிக்கேட்கும் தகுதியை ஏற்கெனவே இழந்துவிட்டவர். பணியிட மாறுதலுக்கும் விலை உண்டு என்பது ஊரறிந்தது. நல்ல இடத்துக்குக் கொடுத்து வந்தவர் கொடுத்ததை எடுக்கப் பார்க்கிறார்; அடுத்த மாறுதல் எப்போது என்று தெரியாததால் அவசரமாகவும் எடுக்கப் பார்க்கிறார். நம் சர்வேயர் முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை முடிக்காமல் போனது இப்படித்தான்.

இதற்கும் மேலே தேர்தல் செலவு. வாக்குக்குப் பணம் கொடுக்கப்பட்டதால் 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் சட்டமன்றத் தொகுதிகளிலும், 2017-ல் ஆர்.கே. நகரிலும், 2019-ல் வேலூர் மக்களவைத் தொகுதியிலும் தேர்தலையே நிறுத்திவைக்க வேண்டி வந்தது. வாக்குக்கு வாங்கிய நாம் பட்டாவுக்குக் கொடுக்கிறோம் என்று இரண்டையும் சமமாக்கிச் சிலர் பேசுவார்கள். அதை நான் ஏற்க மாட்டேன். வாக்குக்கு வந்த சில நூறு ரூபாயை மறுத்திருந்தாலும் அந்த அம்மாளின் உட்பிரிவு ஒரு நாள்கூட முன்னதாக நடந்திருக்காது. ஆனால் செலவழித்து வந்தவர்கள் அதை மீட்க வேண்டியிருப்பதும், மாறுதல், ஒப்பந்தம், குவாரி என்று மீட்கும் வழிகள் நிர்வாகத்துக்குள்ளேயே இருப்பதும் உண்மை.

இதே மண்ணில் வேறொரு பழக்கமும் இருக்கிறது. நகரத்தார் ஊர்களில் கலியாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு புள்ளி. கோயில் காரியத்துக்குப் புள்ளி வரி உண்டு. வரவு செலவுக் கணக்கு பொதுவில் கேட்கப்படும். ஒரு ரூபாய் உதைத்தாலும் காரியக்காரர் எழுந்து பதில் சொல்ல வேண்டும். மற்ற சமூகத்தாரின் கோயில்களிலும் திருவிழாக் கணக்கைச் சுவரில் ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஊர்க் காரியத்தில் இவ்வளவு கறாராக இருக்கும் நாம், அலுவலகத்து வாசலில் மட்டும் கணக்குக் கேட்பதில்லை. கோயில் கணக்கு நம்முடையது என்று நினைக்கிறோம். தாலுகா அலுவலகம் யாருடையதோ.

ஏன் புகார் போகவில்லை

ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் தமிழ்நாட்டில் 1964 முதல் இருக்கிறது. ‘லஞ்சம் கேட்டால் தெரிவியுங்கள்’ என்ற பலகை எந்த அலுவலகத்திலும் உண்டு. அந்த அம்மாள் இருபத்துமூன்று முறையும் அதைக் கடந்துதான் போனார். புகார் கொடுத்தால், புகார்தாரர் தரும் நோட்டுகளின் எண்களைக் குறித்துக்கொண்டு, பினாப்தலீன் பொடி தடவி, அரசு ஊழியர் இருவரைச் சாட்சியாக வைத்து அனுப்புவார்கள். வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நிறம் இளஞ்சிவப்பாகும். 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் இன்றைய தண்டனை 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை. புகார்தாரர் பிறழ்சாட்சியானாலும் இறந்துபோனாலும், சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு லஞ்சம் கேட்டதை நிறுவலாம் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. சட்டத்தின் பலம் குறைவில்லை.

ஆனால் இந்த நிகழ்வில் இரண்டு தடைகள். கேட்டவரும் வாங்கியவரும் அலுவலகத்தார் அல்லர், தரகர். பொடி தடவிய நோட்டு ஜெராக்ஸ் கடையோடு நின்றுவிடும் என்பதற்காகவே அந்த ஏற்பாடு. அடுத்தது, 2018-ல் வந்த திருத்தம். லஞ்சம் கொடுப்பதும் குற்றம் என்று அது தெளிவாக்கியது. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் காவல் துறையிடமோ புலனாய்வு அமைப்பிடமோ தெரிவித்தால் அவர்மேல் குற்றமில்லை. அந்த அம்மாள் என்னிடம் சொன்னபோது எண்பது நாள் கடந்திருந்தது. ஏழு நாள் கெடு இருப்பதே அவருக்குத் தெரியாது. கொடுத்த வேலை நடக்கவில்லை என்பது தெரியவே இரண்டு மாதம் ஆகும்போது, ஏழு நாள் என்ற அளவு யாருடைய அனுபவத்தை வைத்து வரையப்பட்டது என்று எனக்கு விளங்கவில்லை.

இவற்றை விடப் பெரிய தடையை அவரே சொன்னார். மறுபடி பணம் கேட்டால் அப்போதாவது சிவகங்கைக்குப் போய்ப் புகார் கொடுக்கலாம், நானும் கூட வருகிறேன் என்றேன்.

“அண்ணே, புடிச்சுக் குடுத்துட்டு நான் எங்கிட்டுப் போவேன்? மகனுக்கு முதல் பட்டதாரிச் சான்று அங்கதான் வாங்கணும். வருமானச் சான்று, நாளைக்கு எனக்குப் பென்சன், எல்லாத்துக்கும் அவுக வாசல்லதானே நிக்கணும்?”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு எதிர்க்கடை பிடிக்கவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். அந்த அலுவலகத்துக்கு மாற்று அலுவலகம் கிடையாது. ஒருவரைப் பிடித்துக் கொடுத்தாலும் மற்றவர்கள் அங்கேயே இருப்பார்கள். ஏழைகள் புகார் கொடுக்காததை அறியாமை என்று எழுதுகிறவர்கள், அவர்கள் எவ்வளவு சரியாகக் கணக்குப் போடுகிறார்கள் என்பதைக் கவனிப்பதில்லை.

என் பங்கையும் எழுதியாக வேண்டும். பணியில் இருந்தபோது, சிட்டாவில் பெயர் இல்லாதவர்களைக் கடன் தர வழியில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அது விதி. ஆனால் அதோடு நிறுத்தாமல், ‘தாலுகாவுல கொஞ்சம் செலவு பண்ணி மாத்திக்கிட்டு வாங்க’ என்றும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். சங்கச் செயலாளரே சொல்கிறார் என்றால் அது முறையான வழி என்றுதானே அவர்கள் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பத்து ரூபாய் மனு

2022 ஜனவரியில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு எழுதினேன். வெள்ளைத் தாளில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில். கேள்விகள் நான்கு: இந்த எண்ணுள்ள விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த அலுவலர் மேசைக்குப் போயிற்று, ஒவ்வொருவரிடமும் எத்தனை நாள் இருந்தது, முதல் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தவரின் பெயரும் பதவியும் என்ன, அதோடு இணைத்திருந்த ஆவணங்களின் சான்றிட்ட நகல் வேண்டும். குறை கூறவில்லை, பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. 30 நாளில் பதில் வரவில்லை. மேல்முறையீடு செய்தோம். தகவல் தராத ஒவ்வொரு நாளுக்கும் 250 ரூபாய், உச்சமாக 25,000 வரை, அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து தண்டம் விதிக்கத் தகவல் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்பதை அதில் ஒரு வரியாகக் குறிப்பிட்டோம்.

மார்ச் கடைசியில் பதில் வந்தது: விண்ணப்பம் நில அளவைக்கு நிலுவை. ஏப்ரலில் சர்வேயர் வந்தார். நானும் போயிருந்தேன். இளைஞர், முப்பது வயதுக்குள். நிழலில்லாத வயலில் இரண்டரை மணி நேரம் சங்கிலி இழுத்து, 1974 பத்திரத்தின் அளவோடு ஒத்துப்பார்த்து, நான்கு மூலையிலும் கல் நடச் செய்தார். வேலை சுத்தமாக இருந்தது. தண்ணீர் கொடுத்தபோது, தனக்கு இரண்டு பிர்க்கா (சில ஊர்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) கூடுதல் பொறுப்பு என்றும், விடுமுறையிலும் அளக்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். பொய்யாக இருக்காது, நில அளவர் காலியிடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பது துறையில் எல்லாரும் அறிந்தது. பணம் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. மே மாதம் புதிய உட்பிரிவு எண்ணோடு பட்டா வந்தது. 5,000 ரூபாய் திரும்பி வரவில்லை.

ஒரு மனு வேலை செய்ததை வைத்து வழி கிடைத்துவிட்டதாக நான் சொல்ல மாட்டேன். அந்த மனுவை எழுத ஓய்வு பெற்ற ஒருவன் தேவைப்பட்டான். உட்பிரிவு தேவைப்படாத இனங்களில் பத்திரப் பதிவோடு பட்டா தானாக மாறும் முறை வந்திருப்பது உண்மையான முன்னேற்றம். அங்கே கேட்க ஆளே இல்லை. ஆனால் செட்டிநாட்டின் கூட்டுப் பட்டாக்கள் பெரும்பாலும் உட்பிரிவில்தான் வந்து நிற்கின்றன. மத்தியப் பிரதேசம் 2010-ல் சேவை பெறும் உரிமைச் சட்டம் இயற்றியது. கர்நாடகம் ‘சகாலா’ என்ற பெயரில் தொடர்ந்தது. கெடு தவறினால் அலுவலர் தண்டம் கட்ட வேண்டும் என்பது அவற்றின் சாரம். இந்த நிகழ்வு நடந்தபோது தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அப்படி ஒன்று வருமானால், கெடுவுக்குள் காரணமின்றித் தள்ளுபடி செய்வதையும் தாமதமாகவே எண்ண வேண்டும் என்ற ஒரு வரி அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் 28-ஆம் நாள் வித்தை அங்கேயும் நடக்கும்.

டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் ஊழல் மதிப்பீட்டுக் குறியீட்டில் இந்தியா 2021-ல் 40 மதிப்பெண்ணோடு 85-ஆம் இடத்திலும், 2024-ல் 38 மதிப்பெண்ணோடு 96-ஆம் இடத்திலும் இருந்தது. அந்தக் குறியீடு வல்லுநர்கள், தொழில் துறையினர் ஆகியோரின் கருத்தைத் தொகுப்பது. புல எண்ணுக்காக நடந்தவர்களை அது கேட்பதில்லை. கேட்டால் என்ன எண் வரும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

2022 ஜூனில், ஊர் வருவாய்க் கணக்கைத் தணிக்கை செய்து மனுக்களும் வாங்கும் ஜமாபந்தி நடந்தது. கலிங்கு ஓடையை அளந்து ஆக்கிரமிப்பை எடுக்கக் கோரி ஊரார் பேரில் ஒரு மனு எழுதி வைத்திருந்தேன். தென்னந்தோப்புக்காரருக்குப் பயந்து முதல் கையெழுத்துக்கு ஆள் வரவில்லை. அந்த அம்மாள் புதிய பட்டாவின் நகலை உறையிலிருந்து எடுத்து மனுவோடு இணைத்து, தன் பெயரையும் உட்பிரிவு எண்ணையும் எழுதி முதலில் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே முப்பத்தொரு பேர் போட்டார்கள். ஒரு பக்கம் அளந்து கல் நட்டிருக்கிறார்கள். தோப்பு ஓரம் இன்னும் அளக்கவில்லை. மனுவின் ரசீது என்னிடம் இருக்கிறது.